கிளட்ச் மாற்றியும் போகாத சத்தம்

என்னிடம் ஒரு செட் பழைய கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெரிதாகத் தேயவில்லை. அதைக் கழற்றிப் புதிது போட 2,600 ரூபாய் கொடுத்தேன். எந்தச் சத்தத்துக்காகக் கொடுத்தேனோ அது வண்டியிலேயே இருந்தது.

ஐப்பசி மழையில் என் 125 சிசி வண்டி மூன்று வாரம் வீட்டு வாசலில் நனைந்தபடி நின்றது. மறுபடி எடுத்து ஆற்காட்டிலிருந்து வேலூருக்குக் கிளம்பினால், ரத்தினகிரி தாண்டும்வரை வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. சத்துவாச்சாரி நெரிசலில் மெதுவாக உருட்டியபோது அது பிரிந்து தெரிந்தது: டக்... டக்... டக். வேகம் கூடினால் நெருங்கும், குறைந்தால் விலகும்.

சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். சக்கரம் சுற்றாமல் அந்தச் சத்தம் எப்படி வரும்? ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தெருமுனைவரை ஒரே விரட்டாகப் போய்த் திரும்பி, "கிளட்ச் போயிருக்கிறது சார்" என்றார்.

"கிளட்சைப் பிடித்தாலும் சத்தம் மாறவில்லையே?"

"பிளேட் தேய்ந்தால் அப்படித்தான் இருக்கும் சார்."

அந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மாலைவரை உட்கார்ந்திருந்தேன். பழைய பிளேட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டவில்லை, டக். ஊரில் இன்னொருவர் காது வைத்துக் கேட்டுவிட்டு, என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயமும் புத்தியும் சேர்ந்து வந்தன.

ஞாயிறு காலை, ஆளில்லாத ஒரு சரிவில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் வண்டியை உருளவிட்டேன். சத்தம் அப்படியே வந்தது. என்ஜினும் ஓடவில்லை, கிளட்சும் சுற்றவில்லை. சக்கரங்களும் செயினும் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டும்தான் சுற்றுகின்றன. 2,600 ரூபாய்க்குக் கிடைக்காத பதில் ஒரு சரிவில் இலவசமாகக் கிடைத்தது. (போக்குவரத்துள்ள பாலத்தில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்டில் போட்டேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி எண்ணினேன். பேரிங்கோ பிரேக் டிரம்மோ காரணமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் வரவேண்டும். முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) என்றால் பின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வரும். முன்னால் 14 பல், பின்னால் 42. எனக்கு வந்ததோ ஏறக்குறைய மூன்று சுற்றுக்கு ஒரு முறை. செயினில் 120 கண்ணிகள், ஒரு பல்லுக்கு ஒரு கண்ணி. 120-ஐ 42-ஆல் வகுத்தால் 2.86. செயின் ஒரு முறை முழுதாகச் சுற்றி வரும்போது ஒரு டக். மணிக்கு 20 கிலோமீட்டரில் நொடிக்கு ஒன்று வந்ததும் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியது.

முழு மூடி போட்ட செயின் என்பதால் இதுவரை யாரும் உள்ளே பார்க்கவே இல்லை. மூடியைக் கழற்றினேன். பின் ஸ்பிராக்கெட்டை விட்டு நேராகும் இடத்தில் மற்ற கண்ணிகள் எல்லாம் நீண்டு படுக்க, ஒன்று மட்டும் மடங்கிய முழங்கால் போல விறைத்துக்கொண்டு வந்தது. அதன் இடுக்கில் செம்மண் நிறத்தில் துரு. மண்ணெண்ணெய் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, இப்படியும் அப்படியும் அசைத்தேன். இளகியது. கியர் ஆயிலும் விட்டேன். இதையெல்லாம் என்ஜினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஓடும் செயினில் துணியை வைத்துத் துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் டக். இந்த முறை செயினின் தளர்வையும் அளந்தேன்: ஓரிடத்தில் 25 மில்லிமீட்டர், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் இன்னோர் இடத்தில் 45. செயின் ஒரே சீராகத் தேயவில்லை என்றால் இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஸ்பிராக்கெட்டோடு செட்டாக வாங்க வேலூர் போனேன். கடைக்காரர் பல் எண்ணிக்கை கேட்டார், சொன்னேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பின்னால் 44 பல். மறுநாள் பழைய ஸ்பிராக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு முறை, போக வர ஐம்பது கிலோமீட்டர். முதலிலேயே பழையதைக் கொண்டுபோய்விடுங்கள். செட் 1,450 ரூபாய்.

மாட்டியவர் செயின் லாக்கின் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி) கிளிப்பைத் திருப்பிப் போட்டிருந்தார். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடலாம். சொன்னேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு மாற்றிப் போட்டார்.

சத்தம் போய்விட்டது. போன வாரம் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் சொன்ன குறை சரியாகிவிட்டதா சார்?" ஆகிவிட்டது என்றேன். யார் சரிசெய்தது என்று அவர் கேட்கவில்லை. பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்றுதான் கேட்டார்.