வரைபடத்தில் நல்ல தண்ணீர், ஆவணியில் உவர்

கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பக்கக் கிராமங்கள் பலவற்றுக்குக் கோடையில் குடிதண்ணீர் பவுசரில் (தண்ணீர் லொறியில்)தான் வரும். எந்த ஊருக்கு எங்கிருந்து நிரந்தரமாகக் குழாய் இழுக்கலாம் என்று முதற்கட்டமாகப் பார்த்துத் தரும் வேலை எங்கள் சிறு குழுவிடம் வந்தது. காசில்லாத வேலை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளையே எடுத்தோம்.

கிணறுகளின் பட்டியல் ஒன்று ஓர் அலுவலகத்திலிருந்து கிடைத்தது. திரையில் ஏற்றினால் கிளிநொச்சிக் கிணறுகள் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் கிடந்தன! காரணம் இதுதான்: ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறைகள் இலங்கையில் இரண்டு. பழைய கண்டவல முறை தன் மூலப் புள்ளிக்கு 2,00,000 என்ற எண்ணைக் கொடுக்கிறது, 1999இல் வந்த புதிய முறை 5,00,000 கொடுக்கிறது. மாற்றி எடுத்தால் எல்லாமே தள்ளிப்போய்விடும். பட்டியலில் எந்த முறை என்று எழுதியிருக்கவில்லை. பழையதைத் தெரிவுசெய்ததும் கிணறுகள் ஊருக்குத் திரும்பின.

உயரத் தரவு வேறொரு தலையிடி. 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசம்தான், 30 மீற்றருக்கு ஒரு புள்ளியும் உண்டு. ஆனால் பூநகரி தட்டை நிலம். அங்கே சில மீற்றர் பிழை என்றாலே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது மாறிவிடும். போதாக்குறைக்குப் பனங்கூடலின் தலையையும் அது நிலத்தோடு சேர்த்துவிடுகிறது. குழாய்ப் பாதைக்கு நேரில் போய் உயரம் அளக்கும் மட்டமளவு செய்துதான் ஆக வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதினோம்.

அப்புறம் எந்தக் காரணிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று நிறை கொடுக்கும் கட்டம். கணிதவியலாளர் தோமஸ் சாட்டியின் முறைப்படி காரணிகளை இரண்டிரண்டாக வைத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை புள்ளி போட வேண்டும். தூரம், நீரின் தரம், கொள்ளளவு என்று போட்டுப் பார்த்தால் இரணைமடு முதலிடத்துக்கு வந்தது. பெரிய குளம், வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தத் தண்ணீரை நம்பித்தான் சிறுபோகம் என்ற கோடை நெற்செய்கை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்த கதை எல்லோருக்கும் தெரியும். கொள்ளளவை எடுத்துவிட்டு 'சிறுபோகத்துக்குப் போக மிஞ்சும் நீர்' என்று போட்டோம். இரணைமடு கீழே இறங்கியது, ஊர்க் கிணறுகள் மேலே வந்தன.

அந்தப் படத்தைக் கிராமக் கூட்டத்தில் விரித்தோம். நல்ல தண்ணீர் என்று பச்சை நிறமடித்த ஒரு கிணற்றில் விரலை வைத்து ஒரு ஐயா சொன்னார்: "தம்பி, உதில நல்ல தண்ணி எண்டு உங்கட கொம்பியூட்டர் சொல்லுது. ஆவணியில வந்து ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ."

பட்டியலின் அளவீடுகள் தை மாதத்தில் எடுத்தவை. மாரி மழை நிலத்துக்குள் இறங்கியிருக்கும் நேரம், நன்னீர் மேலே நிற்கும். கோடையில் அது வற்ற வற்ற அடியிலிருந்து உவர் ஏறும். இதற்கு மென்பொருளில் தனிக் கட்டம் கிடையாது, நாங்கள்தான் போட வேண்டும்.

சரி என்று ஆவணியில் மின்கடத்துதிறன் மானியோடு போனோம்; தண்ணீரில் உப்பு கூடக் கூட அதன் எண் ஏறும். ஐயா காட்டிய கிணற்றில் வாளியை இறக்கினால் பாதி சேறு. மானியின் எண் தை மாதத்ததைவிடப் பன்மடங்கு. அளவீடுகளைத் திருத்தி மறுபடி ஓட்டியபோது பச்சையில் பாதி மஞ்சளானது.

இரண்டு படங்களையும் சேர்த்தே ஒப்படைத்தோம். ஒன்று போதாதா என்று கேட்டார்கள். ஒன்றுதான் வேண்டுமென்றால் ஆவணிப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றோம்.