பெட்டி கட்டும் பதினைந்து நாள்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் பெட்டி கட்டும் பதினைந்து நாளில் வீட்டுக்காகச் செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. அப்பா ஊரில் இல்லை என்பதைப் படிவம் எழுதிக் கொடுக்கும் எங்கள் மேசையில் முதலில் காட்டிக்கொடுப்பது சாதிச் சான்று விண்ணப்பம்தான். பிள்ளைக்கு எடுக்க அப்பாவின் சான்று வேண்டும். அவரோ கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் பெட்டியில் போட்டு சவூதியின் ரியாத்துக்குக் கொண்டுபோயிருப்பார். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், படிப்புச் சான்று போன்றவை போதும். மிச்சமெல்லாம் வீட்டு பீரோவில் இருக்க வேண்டியவை.

அடுத்த தலைவலி ஓடிபி. ஆதார், ரேஷன் கார்டு, கேஸ், வங்கி நான்குக்கும் அவருடைய ஒரே எண். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டதும் பழைய சிம் மறந்துபோகும். ரீசார்ஜ் இல்லாமல் 90 நாள் சும்மா கிடந்தால் எண்ணே போய்விடலாம். ரோமிங்கில் அவரே வைத்திருந்தாலும், சாரத்தின் மேல் நிற்கிற மனுஷன் பத்து நிமிஷத்துக்குள் ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்ல முடியுமா? ஓடிபி கிடைக்காவிட்டால், பக்கத்து ஓமலூரிலிருந்து எங்கள் மேசைக்கு வந்தவர் இன்னொரு நாள் வரலாம். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவருக்கு அன்றைய கூலி போச்சு. காப்பிப் பழம் பறிக்கிற நாளென்றால் கேட்கவே வேண்டாம். ரேஷன் கார்டு, கேஸ் இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே மனைவியின் எண்ணுக்கு மாற்றிவிடலாம்.

வீட்டில் சண்டை மூள்வது பணத்தில். சம்பளம் அம்மா கணக்குக்கா, மனைவி கணக்குக்கா? ஒருவர் கணக்கில் போட்டு மற்றவரை அவரிடம் கேட்டு வாங்கச் சொன்னால், ஆறே மாதத்தில் இரண்டு அடுப்பு. அம்மாவுக்கு ஒரு சிறு தொகை அவர் கணக்கிலேயே தனியாகப் போய்விட வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. மீதிக்கு, வெளிநாட்டில் இருப்பவர் அங்கு சம்பாதித்ததை இங்கே போட்டுவைக்கும் என்ஆர்ஈ கணக்கு. மனைவி எடுத்துச் செலவழிக்க வங்கியில் ஒரு அதிகாரக் கடிதம். ஊரில் இருந்தபோது வைத்திருந்த சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவும் வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை.

மனை வாங்குவதற்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கிய, அவர் சார்பில் இங்கே இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் வரும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாமனார் பீரோவில் அரை வருஷம் தூங்கிய பத்திரங்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால், பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் ‘அனெக்ஷர் டி’ உறுதிமொழிப் படிவத்தை அவர் லீவில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

பத்தாவது தேறாமல், வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் இசிஆர் பாஸ்போர்ட்டில் வளைகுடா போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தால் 10 லட்சம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், வரி தனி. பாலிசி அவர் செல்போனில் மட்டும் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே வீட்டுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் முடிந்து அங்கேயே வேலையில் நீடிப்பவர் அதைப் புதுப்பிக்க மறந்துவிடுவதும் உண்டு.

போன் பேசும் நேரம் சின்ன விஷயமாகத் தெரியும். ரியாத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். கேம்ப் திரும்பி, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு அவர் போனை எடுக்கும்போது அங்கே எட்டு, இங்கே பத்தரை. தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே அம்மா செல்லைப் பிடிப்பாள். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு பத்துக்கு அழைத்தாலும் இங்கே ஏழரை. வீட்டுப்பாட நோட்டையே காட்டலாம். சவூதி அப்பாக்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை நாலரைக்கு எழுந்தால் இங்கே ஏழு, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரம். விடுமுறை நாளில் யார் எழுவார்கள் என்பார்கள். சிலர் எழுகிறார்கள்.

படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் பிள்ளைகள் ‘வெளிநாடு’ என்று எழுதிக்கொண்டு வரும். வெல்டரா, டிரைவரா என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா பையிலிருந்து விசா நகலை எடுப்பாள். அதில் ‘தொழிலாளி’ என்று மட்டும் இருக்கும்.