கொடி கட்டிய தீயணைப்புக் குழாய்

இன்று காலை எங்கள் தெருமுனையில், நகராட்சி ஊழியர் ஒருவர், பனியில் புதைந்தாலும் இடம் தெரியும்படி, தெருவோரத் தீயணைப்புக் குழாயின் தலையில் சிவப்புக் கொடியுடன் கூடிய நீண்ட கம்பி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

புதிதாகக் குடிவந்தவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். 2007 பிப்ரவரியில் ஆஸ்விகோவில் இருந்த எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் சிறு நகரம் அது. ஆழமான அந்த ஏரி குளிர்காலத்திலும் பெரும்பாலும் உறைவதில்லை. மேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. அந்த மாதம் அதே கவுண்டியிலுள்ள (நம்மூர் மாவட்டம் போன்றது) ரெட்ஃபீல்டில், ஏறத்தாழ 10 நாட்களில் 141 அங்குலம் பெய்தது. கிட்டத்தட்ட 12 அடி!

பனியை வாருவதைவிட, வாரியதை எங்கே போடுவது என்பதுதான் பெரும் சிக்கல்.

சாலையோரக் குவியல்கள் உயர்ந்து, குறுக்குச் சாலையில் வரும் கார் கண்ணுக்குத் தெரியாமல் போனதால், சிலர் ஆன்டெனாவின் நுனியில் ஆரஞ்சுத் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். குவியலுக்கு மேலே துணி மட்டும் தனியாக நகர்ந்து வரும். அதைக் கண்டால் நாம் நின்றுவிட வேண்டும்.

கீழ்வீட்டு முதியவர் பனி வாரும் ஷவலை எடுத்ததும் முதலில் போவது பக்கச்சுவருக்குத்தான். வீட்டைச் சூடாக்கும் உலையின் புகைக்குழாய் அங்கே இருந்தது; அதைப் பனி மூடினால், நிறமோ வாடையோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கிவிடும். எத்தனை அங்குலம் பெய்யும் என்று சொல்லும் வானிலை அறிக்கைகள், எதை முதலில் தோண்ட வேண்டும் என்பதையும் சொன்னால் நன்றாயிருக்கும்.

காரை அவர் கடைசியில்தான் தோண்டுவார். எங்கும் போக முடியாத நாளில் கார் எதற்கு என்பது அவர் கேள்வி.