மாங்காய் மண்டியில் ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்

மே 12, 2025, திங்கள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் சூடு பிடித்துவிட்டது. பெங்களூரா ரக மாங்காய் லோடு இறங்குகிற நேரம் பார்த்து மாமா மண்டியில் பில்லிங் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதாம். "மாப்ள, சர்வீஸ் கடைப் பையன் ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்ங்கறான்" என்றார் போனில். நான் வரும்வரை யாரும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிஸ்க் போகிற நிலையில் இருந்தால் ஃபார்மேட்டோடு கணக்கும் போய்விடும்.

மே 13, செவ்வாய்

நாலாம் தலைமுறை ஐ3, பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஹேங் ஆகும்போதும் மவுஸ் நகர்கிறது, கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறது. ஆனால் எதைத் தட்டினாலும் திறக்காது; டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும். கொஞ்சம் பொறுத்தால், தட்டியதெல்லாம் ஒரே மூச்சில் திறக்கிறது. ராம் கோளாறோ சூடோ என்றால் பெரும்பாலும் இப்படி மீண்டு வராது; மொத்தமாக நிற்கும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் ஆகும்.

விண்டோஸ் தன் கோளாறுகளை எண் போட்டுக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண் வரிசையாக இருக்கிறது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. எனக்கு உறுத்தியது 129-உம் 153-உம். டிஸ்க் பதில் தராமல் விண்டோஸ் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது.

ராத்திரிக்கு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

ராமில் பிழை இல்லை. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட் ஏற்றி மதியம்வரை ஓட்டினேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. சர்வீஸ் கடைப் பையனுக்குச் சந்தோஷம்: "பாத்தீங்களாண்ணா, விண்டோஸ்தான்!"

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பென்டிரைவில் ஓடும் லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே இல்லையே! போர்டும் ப்ராசசரும் ஓரளவு தேறின, அவ்வளவுதான். டிஸ்க்கை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.

அதே லினக்ஸிலிருந்து ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே எண் வாரியாகக் குறித்துவைக்கும் பட்டியல், எடுத்தேன். அதில் 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் குட்டிப் பகுதிகளின்) எண்ணிக்கை. பூஜ்யமாக இருக்க வேண்டியது நூற்றைத் தாண்டியிருந்தது. 199 பூஜ்யம், கேபிள் கோளாறென்றால் பொதுவாக ஏறுவது அதுதான். ஆக, கேபிள் இல்லை, டிஸ்க்கேதான். பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் போய் டீ வாங்கி வந்தான்.

மே 16, வெள்ளி

புது எஸ்எஸ்டி வந்தது. கெட்டுப்போகிற டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து அப்படியே நகல் எடுத்தேன். நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பிவரும்; சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அதுதான் சரி. சில செக்டர்கள் தேறவில்லை, பில் கணக்கு முழுசாக வந்துவிட்டது.

விண்டோஸை வேண்டுமென்றே புதிதாகப் போடவில்லை. அதே விண்டோஸ், அதே டிரைவர், அதே பில்லிங் சாஃப்ட்வேர். டிஸ்க், விண்டோஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று எப்படித் தெரியும்?

மே 19, திங்கள்

சனி, ஞாயிறு கூட்டத்திலும் நிற்கவில்லை. பழைய டிஸ்க்கை சிசிடிவிக்குப் போடலாமா என்றார் மாமா. பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓடு இலவச அப்டேட் முடிகிறது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் இந்த ஐ3 இல்லை. சீசன் முடியட்டும், அந்தப் பஞ்சாயத்தை அப்புறம் பார்க்கலாம்.