கானாவுக்குக் கிளம்பும் முன்

வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோரிலிருந்து அழைப்பு வந்த அன்று, எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கானாவில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணி. மூன்று மாதப் பயிற்சி, அப்புறம் இரண்டு ஆண்டு வேலை, ஆக 27 மாதம். சந்தோஷத்தில் முதல் தடவை சரியாகப் படிக்கவில்லை. உடல்நலச் சோதனையிலும் பின்னணிச் சோதனையிலும் தேறினால்தான் அழைப்பு செல்லுபடியாகும் என்ற வரி இரண்டாவது தடவைதான் கண்ணில் பட்டது.

பின்னணிச் சோதனைக்குப் பெரிதாக அலைச்சல் இல்லை. படிவங்களை நிரப்பினேன், கைரேகை கொடுத்தேன், அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் இழுத்தது உடல்நலம். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு அப்புறம் இன்ஹேலரைத் தொட்டதே இல்லை. அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினேன். உடனே மருத்துவர் கடிதம், மூச்சுத்திறன் சோதனை என்று புதிது புதிதாகக் கேட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தொண்டர்கள் பெரும்பாலும் இருக்கப்போவது கிராமங்களில். பெரிய மருத்துவமனைக்குப் பல மணி நேரப் பயணமாகலாம். நம் உடம்பைப் பற்றி அவர்களுக்கு முழுதாகத் தெரிந்தால்தான் பொருத்தமான இடத்தில் வைக்க முடியும். இது புரிந்த பிறகு எதையும் மறைக்கத் தோன்றவில்லை. விண்ணப்பிக்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பதும் இதைத்தான்: பழைய மருந்துச் சீட்டு வரை ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள்.

கடைவாயில் புதைந்திருந்த ஞானப்பல்லைப் பிடுங்கச் சொன்னார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் நுழையவே முடியாது. சோதனைச் செலவில் ஒரு வரம்பு வரைதான் திருப்பித் தருவார்கள், அதனால் முதலிலேயே கொஞ்சம் பணம் ஒதுக்கி வைப்பது நல்லது.

இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது அம்மாவின் மௌனம். கிரீன் கார்டு, குடியுரிமை என்று வரிசையில் நின்று இந்த நாட்டுக்கு எங்களைக் கொண்டு வந்தவர் அவர். "சம்பளம் இல்லாம, ஊர் பேர் தெரியாத இடத்துல ரெண்டு வருஷமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் பேச்சே இல்லை.

ஒரு ராத்திரி அவரிடம் லிலியன் கார்ட்டரைப் பற்றிச் சொன்னேன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் அம்மா. 1966இல், 68 வயதில், இதே பீஸ் கோரில் சேர்ந்து மும்பைப் பக்கம் விக்ரோலியில் நர்ஸாக வேலை பார்த்தவர். அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தம்மாவுக்கு நம்ம ஊரு பாஷை தெரியுமா?"

"சேர்ந்தப்புறம்தான் கத்துக்கிட்டாங்கம்மா."

"நீ போற ஊர்ல என்ன பாஷை?"

"எந்த ஊருன்னு இன்னும் சொல்லலை. ட்வியா இருக்கலாம்."

இப்போது தினமும் சமையலறையில் ட்வி பாடம் ஓடுகிறது. நான் ஒன்று முதல் பத்து வரை சொல்ல, அம்மா கூடவே சொல்கிறார். ஏழில் மட்டும் இருவருக்கும் நாக்கு புரள்கிறது.