பிள்ளைகளோடு வடாம் போட்ட மே மாதம்

இந்த மே மாதம் முழுக்க எங்கள் மொட்டை மாடியில் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டே இருந்தது. ஜவ்வரிசி வடாம், அரிசி மாவில் பிழிந்த வடாம், மோர் மிளகாய், நடுவில் கொஞ்சம் புளி. செய்தது நான் மட்டும் இல்லை, பிள்ளைகளும்தான். எங்கள் வீட்டில் இரண்டு பேர், பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. லீவுக்கு வந்திருந்த நாத்தனார் மகனுக்குப் பத்து. எதிர்வீட்டு அக்கா தங்கை இருவர், பெரியவளோடு படிக்கும் ஒரு தோழி, அவளுடைய தம்பி என்று காலை ஆறரைக்கெல்லாம் வாசலில் செருப்பு குவிந்துவிடும்.

நாங்கள் இருப்பது திருச்சி. இங்கே அக்கினி நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சித்திரை 21 தொடங்கி வைகாசி 14 வரை பத்து மணிக்கு மேல் மாடித் தரையில் கால் வைக்க முடியாது. காவிரிக்குப் போகலாம் என்றால் மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறப்பதே ஜூன் 12, மே மாதத்தில் ஆற்றில் மணல்தான் அதிகம். அதனால் லீவு விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்தார்கள், டிவி ஓடிக்கொண்டே இருந்தது. கடையில் ஒரு கைவேலைப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், காகிதம், பசை, மணி எல்லாம் வைத்தது. அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள், அப்புறம் அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எதிர்வீட்டுப் பாட்டிதான், "ஏம்மா, இந்த வெயிலைச் சும்மா விடுறியே, வடாம் போடேன், பிள்ளைங்க கூடமாட நிக்கட்டும்" என்றார்.

முதலில் ஜவ்வரிசி. அரைக்கிலோ வாங்கி இரவே ஊறப் போட்டோம். அப்போதே நாத்தனார் மகன் கேட்டான், "அத்தை, இது எந்த மரத்துல காய்க்கும்?" என்று. காய்ப்பதில்லை, மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கிற மாவுதான் இப்படி மணி மணியாக வருகிறது, சேலம் பக்கம்தான் இதற்குப் பேர்போன இடம், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது என்று சொன்னேன். கிழங்குக்குள் மாவு எங்கே இருக்கிறது என்று திரும்பக் கேட்டார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு கிழங்கு வாங்கித் தோல் சீவி, துருவி, தண்ணீரில் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தோம். பச்சையாக வாயில் வைக்கவே கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வடித்தபோது பால் மாதிரி கலங்கலாக இருந்தது, மதியத்துக்குள் மேலே தண்ணீர் தெளிந்து அடியில் வெள்ளையாக ஒரு படிவு. மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு அதை விரலால் தொட்டால் கெட்டியாக இருக்கிறது, வழித்துக் கையில் எடுத்தால் வழிந்து ஓடுகிறது. பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாட்டு நேரம் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஊறிய ஜவ்வரிசிக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைக் கொட்டி, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போல ஆகும். பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம் அரைத்த விழுதைச் சேர்த்து, இறக்கியபின் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தோம். எலுமிச்சை பிழிந்தது பெரியவளும் தோழியும், விதை விழாமல் விரல் இடுக்கில் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள். அடுப்புப் பக்கம் யாரையும் விடவில்லை. உப்புப் பார்க்க மட்டும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஆறவைத்துக் கொடுத்தேன், எல்லாரும் "உப்பு கம்மி" என்றார்கள். கம்மியாகத்தான் இருக்க வேண்டும், தண்ணீர் வற்ற வற்ற உப்பு தூக்கும். பதத்துக்குப் பாட்டி ஒரு வழி சொன்னார்: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தண்ணியாகச் சொட்டவும் கூடாது, கட்டியாகத் தொப்பென்று விழவும் கூடாது, வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மாடிக்குத் தூக்கிப் போனோம். ஒரு பக்கம் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டி, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் ஷீட். எது நல்லது என்று இரண்டு கோஷ்டி. ஆளுக்கு ஒரு குழிக்கரண்டி. சின்னவனுக்கு மட்டும் டீ ஸ்பூன் கொடுத்தேன். அவன் ஊற்றியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்பூனை மொண்டு, அது சொட்டாமல் இருக்க இடது கையை அடியில் ஏந்தி, துணிக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ப்பான். கூழ் வட்டமாகப் பரவி நிற்கும் வரை கண் எடுக்கமாட்டான், நின்றதும் ஸ்பூன் முதுகால் ஒரு தட்டு. பிறகுதான் அடுத்தது. ஒரு காசு அளவில் நெருக்கி நெருக்கி நாலு வரிசை போட்டான், வரிசை கோணல், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை அவன்.

எட்டரை மணிக்கெல்லாம் எல்லாரையும் கீழே இறக்கிவிடுவது என்று முதல் நாளே பேசிவைத்தோம். தொப்பி, செருப்பு கட்டாயம், படிக்கட்டு அறையில் ஒரு மண்பானைத் தண்ணீர், கீழே வந்ததும் நீர்மோர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாடி வேலை செய்வதென்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

துணியா ஷீட்டா என்ற போட்டிக்கு வருகிறேன். ஷீட்டில் போட்டது மேலே சீக்கிரம் காய்ந்து, மாலையில் ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டது, கையால் எடுத்தால் வந்துவிடுகிறது. துணியில் போட்டதற்கு அடுத்த நாள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் ஊறவிட்டு உரிக்க வேண்டும். வேலை கூடுதல். ஆனாலும் எனக்குத் துணிதான் பிடித்திருக்கிறது, இரண்டு பக்கமும் காற்று படுகிறது, அடியில் வேர்த்து நிற்பதில்லை, கொதிக்கிற வெயிலில் பிளாஸ்டிக்கின் மேல் சாப்பாட்டுப் பொருளை வைக்கவும் மனசு வரவில்லை. அதோடு அந்த உரிக்கிற வேலைதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. உரித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி இன்னும் ஒரு வெயில் காட்டினோம், ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும்.

அளவிலும் ஒன்று கவனித்தோம். சின்னவனுடைய காசு வடாமெல்லாம் முதலில் காய்ந்துவிட்டது, பெரிய பையன் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றியது ஓரம் காய்ந்தும் நடுவில் மெத்தென்றே இருந்தது. அப்படி அரைக்காய்ச்சலாக இருப்பதைப் பிய்த்துத் தின்பதில் இருக்கும் ருசி வடாம் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு இளையவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள், ஒரு வரிசை அப்படியே காலி. நான் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை தின்பதற்கென்றே ஒரு ஓரத்தில் தனியாக ஊற்றினோம்.

காக்காய்க் காவல் இல்லாமல் வடாம் கிடையாது. கறுப்புக் குடையை விரித்து வைத்தோம், மூன்று பக்கம் பழைய சிடி கட்டித் தொங்கவிட்டோம், கொஞ்ச நேரம் பயந்தது, அப்புறம் குடை மேலேயே வந்து உட்கார்ந்தது. அணில் எதற்கும் பயப்படவில்லை. கடைசியில் படிக்கட்டு அறை நிழலில் பாய் போட்டு முறை வைத்து உட்கார்ந்தார்கள், இரண்டு இரண்டு பேராக, கையில் ஒரு நீளக் கம்பு. மதிய வெயில் நேரத்தில் யாரையும் உட்காரவிடாமல் கொசுவலையைத் தாம்பாளங்கள் மேல் போர்த்தி நாலு மூலையிலும் கல் வைத்தேன்.

அரைக்கிலோ ஜவ்வரிசியும் மூன்று லிட்டர் தண்ணீருமாகச் சேர்ந்து அந்தப் பாத்திரத்தை நானும் என் கணவரும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் மாடிக்குக் கொண்டுபோனோம். காய்ந்ததை நாத்தனார் மகன் சமையலறைத் தராசில் வைத்தான், அரைக்கிலோவை ஒட்டித்தான் நின்றது. ஊற்றின தண்ணீர் முழுக்க எங்கே போச்சு என்று பெரியவள் கேட்டாள், அவளே மேலே பார்த்தாள். மூன்று லிட்டர் தண்ணீர் எங்கள் மாடியிலிருந்து காற்றோடு போயிருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, அதற்கப்புறம் எதைக் காயப்போட்டாலும் முன்னும் பின்னும் எடை போட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள்.

அரிசி வடாம் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான வேலை. பச்சரிசி மாவு ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், கட்டி தட்டாமல் கிளறி, மூடி வைத்து நன்றாக வேகவிட்டு, சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும், ஆறினால் குழலில் இறங்காது. பித்தளைக் குழல் சுடும், துண்டு சுற்றிக் கொடுத்தாலும் எட்டு வயதுக் கையால் அமுக்க முடியவில்லை. திருகு வைத்த அச்சு ஒன்று பாட்டி வீட்டுப் பரணில் இருந்தது, அதில் சுலபமாக வந்தது, ஒருத்தர் குழலைப் பிடித்துக்கொள்ள ஒருத்தர் திருக. முறுக்கு மாதிரி சுற்றத் தொடங்கி, அப்புறம் ஆளுக்கு ஆள் பெயரின் முதலெழுத்தைப் பிழிய ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பங்கில் பீட்ரூட் சாறு கலந்தோம். காயும்போது அழகாக இருந்தது, நல்ல வெயில் பட்டதும் வெளுத்துவிட்டது, பொரித்தபின் லேசாக ஒரு பழுப்பு. நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சரிவராது.

மோர் மிளகாய்க்கு மிளகாயைக் கீறுகிற வேலையைப் பெரியவர்களே செய்தோம், கை எரிச்சலோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். புளித்த தயிரில் உப்புப் போட்டு மிளகாயை ஊறவைத்து, பகலில் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் அதே தயிரில் திரும்பப் போட வேண்டும், தயிர் முழுக்க மிளகாய் குடித்து முடிக்கும் வரை. அந்தச் சாயங்கால முறையை ஒரு நாள்கூட நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஐந்து மணி ஆனால் யாராவது ஒருத்தர் மாடி ஏறி இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜாடியில் போட்டுவிட்டு வருவார்கள். கைவேலைப் பெட்டியில் நிற்காத பிள்ளைகள் இதில் எப்படி நின்றார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் போகாவிட்டால் மிளகாய் வீணாகும், அது அவர்களுக்குத் தெரியும். சும்மா இருக்க வைப்பதற்காகக் கொடுக்கிற வேலைக்கும் வீட்டுக்கு வேண்டிய வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை நாலு வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடுகிறது.

நடுவில் ஒரு நாள் நாலு மணிக்கு மேற்கே கறுத்து, புழுதிக் காற்று அடித்து, கோடை மழை கொட்டியது. மாடியில் மூன்று தாம்பாளம், ஒரு வேட்டி நிறைய வடாம். எதிர்வீட்டிலிருந்து பெண்கள் இரண்டு பேரும் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்கள், வேட்டியை நாலு பேர் நாலு முனையில் பிடித்து அப்படியே இறக்கி ஹாலில் விரித்து ஃபேன் போட்டோம். முக்கால்வாசி தப்பியது. மிச்சம் குழைந்துவிட்டது, அதை மோர் ஊற்றிக் கரைத்து எல்லாரும் குடித்தோம்.

மதியங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருஷத்துக்கு வாங்கிய புளியில் கொட்டை எடுத்தார்கள், அந்தக் கொட்டைதான் பல்லாங்குழிக்கு. சிலதை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம் ஆடினார்கள், ஒன்றே ஒன்று வெள்ளையாக விழுந்தால் தாயம். தேய்த்த சூட்டோடு கொட்டையைப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்துவிட்டு ஓடுவதும் நடந்தது. நுங்கு வாங்கிய அன்று என் கணவர் காலிக் காய்கள் இரண்டைக் குச்சியால் கோத்து, கவைக் கம்பு வைத்துத் தள்ளுகிற வண்டி செய்துகொடுத்தார், அது தெருவில் இருட்டும் வரை ஓடியது.

மாதக் கடைசியில் பொரித்துப் பார்த்தோம். பெரியவள் ஒரு யோசனை சொன்னாள், பொரிக்கும் முன் வடாமைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, பொரித்தபின் அதே இடத்தில் வைத்து இன்னொரு கோடு. ஜவ்வரிசி வடாம் இரண்டு மடங்குக்கு மேல் அகலமானது. அரிசி வடாம் அவ்வளவு விரியவில்லை, ஆனால் கரகரப்பு அதில்தான் அதிகம். காய்ந்த வடாமிலும் துளி ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய்ச் சூட்டில் அது ஆவியாகி மாவை உப்பவைக்கிறது. அதனால் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சூடு குறைந்த எண்ணெயில் போட்டுப் பார்த்த ஒன்று பல்லில் கடிபடவில்லை. மழையன்று ஹாலில் ஃபேனில் காய்ந்த வடாமும் நன்றாகவே பொரிந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு பங்கு பிரித்தார்கள். எடை போட்டு வீட்டுக்கு ஒரு டப்பா, முதலெழுத்து வடாம் மட்டும் அவரவருக்கு, பாட்டிக்குத் தனியாக ஒன்று, காரம் குறைந்ததாகப் பொறுக்கி. நாத்தனார் மகன் ஊருக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போய்விட்டான், நாங்கள் வேறு நோட்டு போட்டிருக்கிறோம். மோர் மிளகாய் இன்னும் முடியவில்லை, நல்ல வெயில் இரண்டு நாள் வேண்டும். பள்ளிக்கூடம் திறந்தபின் மணத்தக்காளி வற்றல் போடலாம் என்கிறார் பாட்டி. சனி, ஞாயிறு காலையில் பிள்ளைகளை அனுப்பி வைப்பதாக எதிர்வீட்டிலும் தோழி வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள்.