பாட்டின் கடைசி இரண்டு அடிகள்

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற அடியை மேடைகளிலும் சுவர்களிலும் எத்தனையோ முறை பார்த்திருப்போம். கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டு (புறநானூறு 192) மொத்தம் 13 அடிகள். எனக்கு உயிர் அதன் கடைசி இரண்டு அடிகள்தான்:

"பெரியோரை வியத்தலும் இலமே,
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே."

இதை அவர் வெறும் அறிவுரையாகச் சொல்லிவிடவில்லை. காரணம் காட்டிவிட்டுத்தான் சொல்கிறார். மின்னலோடு மழை பெய்கிறது, பேராறு கல்லில் மோதி இரைகிறது, அந்த நீர் போகும் வழியே தெப்பம் போகிறது. உயிரும் அப்படித்தான் என்கிறார். ஒருவர் உயரத்தில் இருப்பதும் இன்னொருவர் தாழ்ந்திருப்பதும் முழுக்க அவரவர் திறமையால் மட்டும் வந்ததல்ல என்றால், எதை வைத்து வியப்பது, எதை வைத்து இகழ்வது? சிலர் இதை வெறும் விதிவாதம் என்பார்கள். "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்று இரண்டாம் அடியிலேயே சொன்னவரை அப்படிச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

வங்கியில் காசாளராக இருக்கிறேன். முதியோர் உதவித்தொகை வாங்க வரும் பாட்டிகள், "தாயி, இந்தச் சீட்ட நீயே எழுதிக் குடு" என்று பாஸ்புக்கை நீட்டுவார்கள். எழுதி, மையைத் தொட்டுக் கைநாட்டு வைக்கச் சொல்லி, நோட்டுகளை அவர்கள் கண்ணெதிரே இரண்டு முறை எண்ணித் தருவேன். அந்த நேரத்தில் பெரிய வைப்புத்தொகைக்காரர் யாராவது வந்தால் வணக்கம் சொல்வேன். ஆனால் வரிசையில் பாட்டிதான் முதலில்.